கவிமணியின் ‘பசுவும் கன்றும்’: முன்பருவ வகுப்பில் பாட்டும் விளையாட்டும்

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) ஆசிரியராகப் பணியாற்றியவர். குழந்தைகளுக்காக அவர் எழுதியவற்றுள் மிகப் பரவலாகத் தெரிந்தது ‘பசுவும் கன்றும்’. தமிழ்நாட்டில் மழலையர் வகுப்புகளில் இன்றும் பாடப்படுகிறது. பாடப்படும் முறைதான் அப்பாட்டுக்குப் பொருந்தவில்லை.

பெரும்பாலான இடங்களில் ஆசிரியை முன்னால் நின்று சொல்லுக்கு ஒரு சைகை காட்டுகிறார்; பிள்ளைகள் வரிசையில் நின்று அதைத் திரும்பச் செய்கிறார்கள். தலையில் இரு விரல் வைத்தால் கொம்பு, கையைக் குவித்தால் பால். இல்லையென்றால் தொலைக்காட்சியில் அசைபடத்தைப் போட்டுவிட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் ‘பசு என்ன நிறம்?’ என்ற கேள்வி. விளையாட்டு எங்கும் இல்லை.

பாட்டின் அமைப்பைப் பார்த்தால் விளையாட்டு அதற்குள்ளேயே இருப்பது தெரியும். எட்டே அடிகள், ஓரடி பசுவைப் பற்றியது, அடுத்தது கன்றைப் பற்றியது. கடைசி வரை இந்த ஒழுங்கு மாறுவதில்லை. வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேறு ஏற்பாடே வேண்டாம். இரண்டு அடிகளுக்கும் நடுவில் ஒரு தனிச்சொல் நிற்கிறது. இலக்கணம் படித்தவர்கள் அதைச் சிந்துப் பாட்டின் மரபு என்பார்கள். பிள்ளைகளுக்கோ அது ‘இனி உங்கள் முறை’ என்ற அறிவிப்பு. ஒவ்வோர் இணையிலும் இரண்டு அடிகளும் மோனையால் கட்டப்பட்டிருப்பதால் அடுத்த அடியின் முதல் ஒலி தானாக நாக்கில் வருகிறது. வினைகள் எல்லாம் வீட்டில் பேசும் வடிவில் இருக்கின்றன; மூன்று வயதுப் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. முதலில் பசு ஓரிடத்தில் மேய்கிறது, கன்று தன்பாட்டுக்குத் துள்ளுகிறது. பிறகு தாய் அழைக்கிறது, கன்று ஓடி வருகிறது. அதன்பின் நக்குதல், பால் குடித்தல், முத்தம், முட்டுதல். அடிக்கு அடி இடைவெளி குறைகிறது. ஆகவே பசுக்கள் ஒரு சுவரோரமும் கன்றுகள் எதிர்ச் சுவரோரமும் நின்று தொடங்கலாம். கடைசி அடிக்குள் ஒவ்வொரு கன்றும் தன் பசுவிடம் சேர்ந்துவிட வேண்டும். காத்திருத்தல், தன் முறை அறிதல், தூரத்துக்கு ஏற்ப வேகத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. முன்பருவக் கல்வியில் நாம் வேண்டுவது இவற்றைத்தானே? வாயே திறக்காத பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு. கன்றாக ஓடிவரப் பேச்சு வேண்டாம். நாலாம் நாள் ஐந்தாம் நாள் தனிச்சொல்லை மட்டும் சொல்லும், அது போதும். (பெண் பிள்ளைகளையே எப்போதும் பசுவாக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஆண் பிள்ளைகளும் நன்றாகவே நக்குவார்கள்.)

குறையும் உண்டு. ‘குலை குலையா முந்திரிக்காய்’ விளையாட்டில் துணி யார் பின்னால் விழும் என்ற படபடப்பு இருக்கும். ‘பசுவும் கன்றும்’ பாட்டில் எதிர்பாராத திருப்பம் எதுவும் கிடையாது. ஐந்து வயதுக்காரர்கள் இரண்டாம் முறையே சலித்துப் போவார்கள். அதற்காகத் தோற்றவரை வெளியேற்றும் விதியைச் சேர்ப்பது பாட்டின் இயல்பைக் கெடுக்கும். கன்றுகளின் கண்ணைக் கட்டி, பசுவின் குரலை வைத்து அதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தாயின் அழைப்பு பாட்டிலேயே இருப்பதால் இது ஒட்டாத சேர்க்கை ஆகாது.

பாரதியின் ‘பாப்பா பாட்டு’ இப்படி வளையாது. அது குழந்தையை முன்னே நிறுத்திப் பேசும் அறிவுரை; கேட்கவும் மனப்பாடம் செய்யவும் ஏற்றது, அதுவும் சற்று வளர்ந்த பிறகு. தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று பெயர். ஆடலும் பாடலும் விளையாட்டும் அந்தப் பெயரில் ஒன்றாக நிற்கின்றன. வகுப்பறையில் பாடலுக்குத் தனி நேரம், விளையாட்டுக்குத் தனி நேரம் என்று பிரித்துவிடுகிறார்கள். கவிமணியின் எட்டு அடிகளுக்கு அந்தப் பிரிவினை ஒத்துவராது.