மூன்றாவது பேஸில் நின்றவர்

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் ஓட்டக்காரர் ஒருவர் பேஸை விட்டு அதிகம் விலகிப் போனார். சனிக்கிழமை இன்னொருவர் பேஸோடு ஒட்டி நின்றார். ரொறன்ரோ புளூ ஜேஸ் 1993க்குப் பிறகு முதன்முறையாகக் கையெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்த உலகத் தொடர் கிண்ணம் இந்த இரண்டு இரவுகளில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்குப் போய்விட்டது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து நாம் எடுத்த ரன்கள் 34. அவர்கள் எடுத்தது 26. தொடர் 4-3 என்று அவர்களுக்கு.

2025 ஒக்டோபர் 31, ஆறாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-3 என்று பின்னால் நிற்கிறோம், ஆனால் ஒருவர்கூட அவுட் இல்லை. அடிசன் பார்ஜர் இடது நடுப்புறமாக அடித்த பந்து சுவரின் அடியில் போய்ச் சொருகிக்கொண்டது. சுவரில் பட்டுத் திரும்பியிருந்தால் முன்னால் ஓடிய மைல்ஸ் ஸ்ட்ரோ நிச்சயமாக ஒரு ரன் எடுத்திருப்பார். பந்து சிக்கிக்கொண்டால் ஆளுக்கு இரண்டு பேஸ்தான் என்பது விதி. ஸ்ட்ரோ மூன்றாவதிலும் பார்ஜர் இரண்டாவதிலும் நிறுத்தப்பட்டார்கள். அதற்காக நான் யாரையும் நோக மாட்டேன். விதி சரியாகவே பிரயோகிக்கப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் வலிக்கிறது. டைலர் கிளாஸ்னோ பந்து வீச வந்தார். எர்னி கிளெமென்ட் முதல் பந்தையே மேலே தூக்கிக் கொடுத்தார். அன்ட்ரேஸ் ஹிமெனெஸ் இடது பக்கம் தாழ்வாக அடித்த பந்தைக் கீகே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து, அதே ஓட்டத்தில் இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். பேஸ்போலில் பந்தைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால், ஓடத் தொடங்கியவர் தன் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும். பந்து விழும் என்று நம்பி முன்னே போய்விட்ட பார்ஜருக்குத் திரும்பி வர நேரம் இருக்கவில்லை. மூன்றே பந்துகளில் மூன்று அவுட், ஆட்டமும் முடிந்தது.

அந்த ஒரு கணம் மறுநாள் ஆட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதே என் எண்ணம்.

ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ். சற்று முன்னர்தான் மிகெல் ரோஹாஸ் யாரும் எதிர்பாராத ஒரு ஹோம் ரன்னால் 4-4 என்று சமன் செய்திருந்தார். கிண்ணத்துக்கு இரண்டே அவுட் மீதமிருந்த நேரத்தில் அடித்தது அது. எங்கள் முறை வந்தபோது பொ பிஷெட் அடித்து முதல் பேஸில் நின்றார். செப்டம்பரில் முழங்காலில் காயப்பட்டு, உலகத் தொடருக்காகவே திரும்பி வந்தவர். வேகமாக ஓட அவரால் முடியாது. எனவே அவரை எடுத்துவிட்டு ஐசையா கைனர்-ஃபலேஃபாவை ஓட அனுப்பினார் மனேஜர் ஜோன் ஷ்னைடர். பார்ஜர் நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்குப் போனார், அலெஹாண்ட்ரோ கேர்க்கின் மேல் பந்து பட்டது. ஒரே ஒரு அவுட், மூன்று பேஸும் நிறைந்திருந்தன. மூன்றாவது பேஸில் நிற்பவர் 90 அடி ஓடினால் கிண்ணம் ரொறன்ரோவுக்கு.

டோல்டன் வார்ஷோ தரையோடு அடித்தார். இரண்டாவது பேஸ் பக்கம் நின்ற ரோஹாஸ் தடுமாறி, சமாளித்து, ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் பிளேட்டை விட்டு எழும்பி, மறுபடி அதில் பட்டது. அவுட் என்றார் நடுவர். காணொளியை மீளப் பார்த்தும் தீர்ப்பு மாறவில்லை. கைனர்-ஃபலேஃபாவின் கால் ஒரு கணம்தான் பிந்தியது.

அவர் மூன்றாவது பேஸில் மிகக் குறைவான தூரமே விலகி நின்றார். ஏன் என்ற கேள்விக்குப் பிறகு அவரே பதில் சொன்னார்: பந்து நேராகக் கையில் போய் இரட்டை அவுட் ஆகிவிடக்கூடாது, ஒட்டியே நில்லுங்கள் என்பது பயிற்சியாளர்கள் சொன்னது. முதல்நாள் அப்படித்தானே தோற்றோம்! ஆனால் இரண்டு நிலைமையும் ஒன்றல்ல. ஆறாவது ஆட்டத்தில் பார்ஜர் இரண்டாவது பேஸில் நின்ற சமன் செய்யும் ரன். ஏழாவதில் மூன்றாவது பேஸில் நின்றது வெற்றி ரன்; டொட்ஜர்ஸ் களக்காரர்கள் தரைப்பந்தை எடுத்து ஹோமுக்கு எறிவதற்காகவே கிட்ட வந்து நின்றார்கள். அந்த இடத்தில் அதிகம் நடக்கக்கூடியது தரைப்பந்துதான். அதற்கு ஆயத்தமாக நிற்காமல், நேற்றைய விபத்துக்கு ஆயத்தமாக நின்றோம். குற்றம் ஓடியவருடையது அல்ல, சொல்லிக் கொடுத்தவர்களுடையது என்று நினைக்கிறேன். வேகத்துக்காகவே பிஷெட்டை வெளியே எடுத்தார்கள். அந்த வேகத்தைப் பேஸோடு கட்டிப்போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதே இன்னிங்ஸில் கிளெமென்ட் ஆழமாக அடித்த பந்தை அன்டி பாஹேஸ், ஹெர்னாண்டஸ் மேல் மோதி விழுந்தபடியே பிடித்தார். அதற்கு யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்படியொரு பிடி பிடித்தவரைக் கைதட்டிப் பாராட்டத்தான் வேண்டும்.

பதினோராவது இன்னிங்ஸில் ஸ்மித்தின் ஹோம் ரன், 4-5. எங்கள் முறையில் விளாடிமிர் குரேரோ ஜூனியர் முதல் ஆளாக வந்து இரண்டாவது பேஸ் வரை அடித்தார். அடுத்தவர் பிஷெட்டாக இருந்திருக்க வேண்டும். அதே இரவில் மூன்றாவது இன்னிங்ஸில் ஷோஹெய் ஒஹ்தானியின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தவர். அந்த இடத்தில் வந்தவர் கைனர்-ஃபலேஃபா. அவர் மெல்லத் தட்டித் தன்னைக் கொடுத்துக் குரேரோவை மூன்றாவதுக்கு நகர்த்தினார். பிறகு பார்ஜர் முதல் பேஸுக்குப் போக, கேர்க்கின் துடுப்பு உடைந்து பந்து மூக்கி பெட்ஸ் கைக்குப் போனது. இரட்டை அவுட், தொடர் முடிந்தது. ஒன்பதாவதில் எடுத்த ஒரு முடிவுக்குப் பதினோராவதிலும் விலை கொடுத்தோம். ஓட ஆளை மாற்றியது தவறென்று சொல்ல மாட்டேன், நானும் மாற்றியிருப்பேன். மாற்றிய பிறகு அதன் பலனை முழுதாக எடுத்திருக்க வேண்டும்.

எதிரே நின்றவரையும் சொல்லியாக வேண்டும். யொஷினோபு யமமோட்டோ இரண்டாவது ஆட்டத்தைத் தனியாளாக முழுதும் வீசி வென்றார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள். அதற்கு மறுநாளே வந்து இன்னும் எட்டு அவுட். ஒரு தொடரில் மூன்று வெற்றி. இப்படி ஒருவர் இருக்கும் அணியை ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்துப் போனது இந்த அணி. 2024இல் 88 ஆட்டங்களில் தோற்றுப் பிரிவின் கடைசியில் கிடந்ததும் இதே அணிதான்.

தொடரில் நான் மிகவும் மதிப்பது நான்காவது ஆட்டத்தை. முதல்நாள் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம் நீண்டு, ஃபிரெடி ஃபிரீமனின் ஹோம் ரன்னில் முடிந்தது. ஒஹ்தானி ஒன்பது தடவை பேஸுக்குப் போனார், நான்கு தடவை நாமே வேண்டுமென்று அனுப்பினோம். உடம்பும் மனமும் உடைய வேண்டிய தோல்வி. மறுநாள் மாலை அதே ஒஹ்தானி பந்து வீச, குரேரோ அவரது பந்தில் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார், 6-2 என்று வென்றோம். அதற்கடுத்த நாள் 22 வயது ட்ரே யெசாவேஜ், செப்டம்பரில்தான் பெரிய லீக்கைக் கண்டவர், ஒருவரையும் இலவசமாக அனுப்பாமல் 12 பேரைத் துடுப்போடு திருப்பி அனுப்பினார். உலகத் தொடரில் ஒரு புதுமுகத்துக்கு அது சாதனை.

இந்த அணி வென்ற விதமும் எனக்குப் பிடித்தது. எல்லோரும் ஹோம் ரன்னுக்கு வீசும் காலத்தில், இவர்கள் பந்தைத் தொட்டார்கள்; பெரிய லீக்கில் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி இதுதான். கிளெமென்ட் பருவத்துக்குப் பிந்திய ஆட்டங்களில் 30 தடவை அடித்துப் பேஸுக்குப் போனார், அதுவரை எவரும் தொடாத எண்ணிக்கை. நட்சத்திரம் இல்லாத ஒருவரிடமிருந்து வந்தது அது.

ஸ்காபரோவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு 1993இல் கிண்ணத்தை வென்றுதந்த ஜோ கார்ட்டரின் ஹோம் ரன் பெற்றோர் சொல்லும் கதை மட்டுமே. இந்த ஒக்டோபர் அவர்களுடையதாகவே இருந்தது. அடுத்ததும் அவர்களுடையதாக இருக்க நிர்வாகம் செய்ய வேண்டியிருந்தவை பல. என் பட்டியலில் முதலாவது பிஷெட். குரேரோவும் இவரும் 2019இல்தான் பெரிய லீக்குக்கு வந்தார்கள். குரேரோவுக்கு ஏப்ரலில் 14 ஆண்டுகள், 50 கோடி டொலர் கொடுத்தார்கள், அதில் ஒரு சதமும் வீண் போகவில்லை. பிஷெட்டின் ஒப்பந்தம் இந்தத் தொடரோடு முடிந்துவிட்டது. ஒரு காலில் நின்றபடி ஒஹ்தானியை அடித்தவர் அவர். குரேரோவுக்கு அடுத்த இடத்தில் அவரையே வைத்திருக்க வேண்டும் என்பதே அப்போது என் விருப்பம்.