பதினைந்து நிமிட நகரமும் பனூ ஸலிமாவின் காலடிகளும்

பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்த ‘பதினைந்து நிமிட நகரம்’ என்னும் கருத்து, 2020இல் அந்நகர மேயர் ஆன் இதால்கோவின் தேர்தல் திட்டத்தில் இடம்பெற்றதும் உலகெங்கும் பேசப்படலாயிற்று. உறைவிடம், வேலை, அங்காடி, மருத்துவம், கல்வி, ஓய்வு ஆகிய ஆறும் கால்மணி நேர நடையிலோ மிதிவண்டியிலோ எட்டத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். இது குறித்து நம்மவர் எழுதும்போது, இஸ்லாமிய நகரங்கள் இதனை அன்றே கண்டுவிட்டன என்னும் பெருமிதம் தவறாமல் வந்து சேர்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சான்றாகக் காட்டப்படும் கூஃபா, உமர் (ரலி) ஆட்சியில் கி.பி. 638 அளவில் எழுந்த படைவீட்டு நகர். நடுவே பள்ளிவாசல், அருகே சந்தை, நாற்பது முழத்திலிருந்து ஏழு முழம் வரை குறுகும் தெருக்கள் எனத் தபரீ விவரிப்பது உண்மையே. ஆயின் அது குலங்களைக் குடியமர்த்தப் போட்ட கணக்கு. முதியோர் நடையை அளந்து போட்டதன்று.

இப்பொருளுக்கு நெருங்கிய செய்தி வேறிடத்தில் உள்ளது. மதீனாவின் ஓரத்தில் வாழ்ந்த பனூ ஸலிமா குலத்தார் பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பினர். அவர்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென்று கூறி, இருந்த இடத்திலேயே இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தொலைவைச் சிறப்பிக்கவே மேடைகளில் இது சொல்லப்படுகிறது. அனஸ் (ரலி) வழியாக புகாரீயில் வரும் அறிவிப்பில் காரணமும் உண்டு: மதீனாவின் ஓரங்கள் வெறுமையாவதை அவர்கள் விரும்பவில்லை. வகுப்பில் மாணவர்கள் விரைந்து கடந்துவிடும் தொடர் இது. அதே குலத்தாருக்கு முஆத் (ரலி) அவர்கள், நபியுடன் இஷா தொழுதபின் திரும்பி வந்து தொழுவிப்பார். ஒருநாள் அவர் நீண்ட அத்தியாயத்தை ஓத, பகலெல்லாம் ஒட்டகங்களுடன் உழைத்துக் களைத்த ஒருவர் பிரிந்து தனியே தொழுதார். கண்டிக்கப்பட்டவர் முஆத், உழைப்பாளி அல்லர். ஆக, குடிகள் மையத்துக்கு இடம்பெயரவில்லை. சேவை ஓரத்துக்குச் சென்றது, அதுவும் களைத்த உடலுக்கு ஏற்ற அளவில்.

நம் ஊர்களில் நடப்பது இதன் தலைகீழ். குடிகள் இருந்த இடத்தில் இருக்க, சேவைகள் புறப்பட்டு நெடுஞ்சாலைக்குப் போய்விடுகின்றன. மொரேனோவின் கருத்தில் எனக்குள்ள குறையும் இதுவே: பெருநகரில் இல்லாததைக் கொண்டுவருவதை அவர் பேசுகிறார், சிறுநகரில் இருந்ததை இழப்பதைப் பேசவில்லை. ஐந்து திசை இருப்புப்பாதைகள் கூடும் விழுப்புரத்தில் நிலையம், பழைய பேருந்து நிலையம், கடைத்தெரு யாவும் நடைத் தொலைவில் அமைந்திருந்தன. 1993இல் மாவட்டத் தலைநகரானபின் ஊர் விரிந்தது. புதிய பேருந்து நிலையம் பூந்தோட்டம் ஏரிப்பகுதியில் எழுந்தது. மழைதோறும் நீர் தன் இடத்தைக் கேட்டு வருகிறது, 2024 ஃபெஞ்சல் புயலின்போதும் வந்தது. 2010இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் உள்ளது. ஏரியும் புறம்போக்கும் கையகப்படுத்தும் செலவின்றிக் கிடைப்பவை. அரசு மிச்சப்படுத்திய அத்தொகையை நோயாளியின் உறவினர் அரைநாள் கூலியாகச் செலுத்துகின்றனர். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரும் உதவியே. அந்த அரைநாளை அது திருப்பித் தருவதில்லை.

முஆத் (ரலி) செய்ததற்கு ஒப்பானவை நம்மிடம் இல்லாமலில்லை. தெருமுனை நியாயவிலைக் கடை அப்படிப்பட்டது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு வருகிறது. கல்வி உரிமைச் சட்ட விதிகள் தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டர் நடைக்குள் இருக்கவேண்டும் என்கின்றன. பேருந்து நிலையத்துக்கு இடம் தேடும்போது மட்டும் நடையின் நினைவு எவருக்கும் வருவதில்லை.

அருகில் இருந்தால் மட்டும் போதாது, வழியும் வேண்டும். துனிசைச் சேர்ந்த கொத்தனாரும் கட்டட வழக்குகளில் வல்லவருமான இப்னுர் ராமீ (மறைவு 1334) தொகுத்த தீர்ப்புகளை பஸீம் ஹகீம் 1986இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்துள்ளார். வாயிலின் முன்னிடத்தை உரிமையாளர் பயன்படுத்தலாம், வழிச்செல்வோர்க்கு இடையூறு கூடாது என்பது அவற்றுள் அடிக்கடி வரும் நெறி. திண்டிவனம் மேம்பாலத்தருகே பேருந்திலிருந்து இறங்கும் மூதாட்டி, நேரு வீதியில் கடைமுன் பரப்பிய சரக்குகளுக்கு ஒதுங்கி, வாகனங்களுக்கிடையே இறங்கித்தான் நடக்க வேண்டியுள்ளது. அக்கடைக்காரர்களுள் நம்மவரும் உளர்.