தராசடியில் கேட்கிறவள்

தோட்டத் தொழிற்சங்கத்தின் மே தினக் கூட்டம் முடிந்து வலப்பனைக்குத் திரும்பும் பஸ்ஸில் வருடா வருடம் கேட்கிற பேச்சு இது: தலைவர் சொல்லைக் கேட்டதால்தான் தலைநிமிர்ந்தோம், ஆளுக்கொரு யோசனை வந்தால் ஒற்றுமை போய்விடும். இப்போது படித்த பிள்ளைகளும் இதையே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

1948இல் குடியுரிமையும் அடுத்த வருடம் வாக்குரிமையும் பறிபோன மலையகத் தோட்டச் சனத்துக்குச் சங்கத்தை விட்டால் நாதியில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பின்னால் கட்டுக்கோப்பாக நின்றது வீண்போகவுமில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சம்பளக் கணக்குக்கு வாருங்கள். 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டார்கள். 2019 ஜனவரியில் சங்கங்களுக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது. வரவுக் கொடுப்பனவு 60 ரூபாயும் உற்பத்திக் கொடுப்பனவு 140 ரூபாயும் சத்தமில்லாமல் போயின. தேயிலை விலைக் கொடுப்பனவும் சேர்த்து, எல்லாக் கொடுப்பனவும் எடுத்துவந்த ஒருத்திக்கு 730 ரூபாய் 750 ஆனது. அடிப்படை ஏறியது சேமலாப நிதிக்கு நல்லதுதான். நாட்சம்பளத்தில் ஏறியது 20 ரூபாய்.

அம்மாவின் சம்பளத் துண்டைப் பார்த்தேன். கோயில், தோபி, சங்கச் சந்தா எல்லாம் கழித்திருந்தார்கள்.

"ஒப்பந்தத்துல என்னம்மா எழுதியிருக்கு?"

"தலைவருமாரு பாத்துத்தானே கையெழுத்து வச்சிருப்பாங்க. நமக்கு என்னாத்துக்கு?"

அரைக் கிலோ கொழுந்தைக் குறைத்து எழுதினால் தராசடியில் கணக்கப்பிள்ளையை விடாதவள் அவள்.

யோசிக்கத் தெரியாத சனமல்ல இது. 2010, 2015, 2019 ஜனாதிபதித் தேர்தல்களில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ராஜபக்ஷ தரப்பைக் கைகாட்டியது. நுவரெலியா மாவட்டம் மூன்று தடவையும் எதிர்த்தரப்புக்கே கூடுதல் வாக்குப் போட்டது. வாக்குச்சீட்டு அம்மாவின் கையில் இருக்கிறது. சந்தா அவள் கைக்கு வருமுன்பே தோட்டக் காரியாலயத்தில் வெட்டப்படுகிறது. மாதாமாதம் லயத்துக்கு வந்து சந்தா கேட்க வேண்டியிருந்தால் தலைவர் கணக்கும் சொல்லியிருப்பார். கேட்காமலே பணம் வருகிற இடத்தில் யாருக்கு யார் பதில் சொல்வது? இதற்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடன் தீர்ந்த துண்டு இல்லாமல் ஆள் தோட்டம் மாற முடியாத முறை 1921இலேயே ஒழிந்தது. நம் கணக்கை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற பழக்கம் மட்டும் லயத்தில் தங்கிவிட்டது.

இப்போது சம்பள நிர்ணய சபைதானே தீர்மானிக்கிறது என்பார்கள். அங்கும் தொழிலாளர் பக்கத்தில் உட்காருவது சங்கங்களின் ஆட்கள்தான்.

அன்று அந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்பு பிரட்டுக்களத்தில் தமிழில் உரக்க வாசித்திருக்கலாம். அந்த 60உம் 140உம் எங்கே என்று முதலில் கேட்டவள் என் அம்மாவாகத்தான் இருந்திருப்பாள்.