இரண்டாவது லென்ஸ்

டி.எஸ்.எல்.ஆர் கேமரா வாங்கிச் சில மாதங்கள் போனதும் அடுத்த லென்ஸைப் பற்றிய அரிப்பு தொடங்கிவிடும். பெட்டியோடு வந்த 18-55 திடீரென்று ஏழையாகத் தெரியும். கடையில் கேட்டால் 55-250 ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். 18இல் தொடங்கி 250 வரை நடுவில் இடைவெளியே இருக்காது என்பார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் நல்ல படம் எடுப்பவர்களின் பையைத் திறந்து பாருங்கள், இடைவெளிகள் நிறைய இருக்கும். ஒவ்வொரு லென்ஸும் நம்மை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கே நிற்பது தனக்கு இயல்பாக வருகிறது என்று கண்டுகொண்டவர், மற்ற இடங்களை விட்டுவிடுகிறார்.

இதை 18-55ஐ வைத்தே சோதித்துப் பார்க்கலாம். ஒருவரை முகமும் தோளுமாகக் கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். 18 மி.மீட்டரில் சட்டம் நிறைய வேண்டுமானால் ஒன்றரை அடிக்குள் போயாக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மூக்கு முன்னால் வரும், காதுகள் பின்வாங்கும். 50இல் நாலடி தள்ளி நிற்கலாம், முகம் நாம் அறிந்த முகமாக இருக்கும். 55-250ஐ மாட்டினால் 250இல் பதினெட்டு அடிக்கு அப்பால் போய்விடுவோம், முகம் தட்டையாகும், பின்னால் இருக்கும் சுவர் காதோரம் வந்து ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் லென்ஸ் செய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செய்வது தூரம். நின்ற இடத்தை மாற்றாமல் 18இல் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பார்த்தால், 55இல் எடுத்த அதே முகம்தான் கிடைக்கும்.

அப்படியானால் கிட் லென்ஸில் என்னதான் குறை? தூரங்களில் குறை இல்லை. தோட்டத்திலும் தெருவிலும் பகல் வெளிச்சத்தில் அது சளைக்காது. விளக்கு வெளிச்சத்துக்கு வந்தால்தான் திணறும். 55 மி.மீட்டரில் அதன் அபெர்ச்சர் அதிகபட்சம் எஃப்/5.6 வரைதான் திறக்கும். 55ஐ 5.6ஆல் வகுத்தால் துளையின் விட்டம் வந்துவிடும், 10 மி.மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு 50 மி.மீ எஃப்/1.8 லென்ஸில் அதே கணக்குக்கு 28 மி.மீட்டர் கிடைக்கிறது. சென்சாரில் விழும் ஒளி ஒன்பது மடங்குக்கும் மேல். இரவு வீட்டுக் கூடத்தில் 1/10 நொடி ஷட்டரில் கலங்கிப்போகும் குழந்தை, 1/100க்குப் பக்கத்தில் தெளிவாக நிற்கும்.

அதனால்தான் இந்த 50ஐ முதலில் சொல்கிறேன். கேனான், நிக்கான் இரண்டிலுமே இது மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று. பெரிய குடும்பத்துப் பிள்ளை என்பது விலையைப் பார்த்தால் தெரியாது. கணித மேதை கௌஸ் 1817இல் தொலைநோக்கிக்காகப் பிறை வடிவக் கண்ணாடிகள் இரண்டைச் சேர்த்து ஓர் அமைப்பைச் சொன்னார். அமெரிக்காவின் ஆல்வன் கிரஹாம் கிளார்க் 1888இல் அப்படிப்பட்ட இரண்டு அமைப்புகளை முதுகோடு முதுகாக வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896இல் அதைச் செப்பனிட்டு 'பிளானார்' ஆக்கினார். ஆனால் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் பரப்புகள் அதில் அதிகம். ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் ஒளி எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்தது. அதே ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் கண்ணாடிமேல் மெல்லிய படலம் பூசும் முறையைக் கொண்டுவந்த பிறகே இந்த அமைப்பின் அருமை முழுதாக வெளிப்பட்டது. கேனான் 2015இல் வெளியிட்ட எஸ்.டி.எம் 50இலும் ஆறு கண்ணாடிகளாக நிற்பது அந்த வம்சம்தான்.

மலிவுக்கும் காரணம் உண்டு. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே எதிரொளிக்கும் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்கு இடம்விட்டு, கேனானில் லென்ஸ் பொருந்தும் வளையம் சென்சாரிலிருந்து 44 மி.மீட்டரிலும் நிக்கானில் 46.5 மி.மீட்டரிலும் இருக்கிறது. 50 மி.மீ லென்ஸுக்கு இந்தத் தூரம் ஏறக்குறைய இயல்பாகவே அமைந்துவிடுகிறது. 18 மி.மீ லென்ஸ் அப்படியில்லை. ஒளியைப் பின்னுக்குத் தள்ள அதற்குக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும், விலையும் எடையும் ஏறும்.

இந்த லென்ஸை முழுதாகத் திறந்து நாலடியில் ஒருவரை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். கண்ணிமை தெளிவாக இருக்கும்போதே காது கரையத் தொடங்கியிருக்கும். 1.8இல் ஓரங்கள் சற்றுக் குழையும், 2.8க்கு வந்தால் இறுகிவிடும். பின்னணி விளக்குகள் மங்கி வட்டங்களாக விரிவதைத்தான் பொக்கே என்கிறார்கள். இதிலும் தலைமுறை பார்க்கலாம். கேனானின் பழைய 50இல் அபெர்ச்சர் தகடுகள் ஐந்து. சற்றே மூடினால் விளக்குகள் ஐங்கோணமாகிவிடும். எஸ்.டி.எம்மில் தகடுகள் ஏழு, வட்டம் அவ்வளவு சீக்கிரம் உடையாது. பழைய ஐங்கோணத்தை விரும்பித் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரசனைக்குத் தீர்ப்பு இல்லை.

தொடக்கநிலைக் கேமராக்களின் சிறிய சென்சாரில் 50 மி.மீ லென்ஸ் 75, 80 போல நடந்துகொள்ளும், அறைக்குள் உதவாது என்று ஒரு குறை சொல்வார்கள். ஆனால் ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு பிற்காலப் படங்களை ஏறக்குறைய முழுவதும் 50 மி.மீ லென்ஸிலேயே எடுத்தார். 1953இல் வந்த 'டோக்கியோ ஸ்டோரி'யும் அவற்றில் ஒன்று. அன்றைய சினிமாச் சட்டம் சுமார் 22 மி.மீ அகலமும் 16 மி.மீ உயரமும் கொண்டது. கேனானின் தொடக்கநிலை சென்சார் ஏறக்குறைய 22க்கு 15. ஆக, உங்கள் கேமராவில் 50ஐ மாட்டினால் கிடைப்பது கிட்டத்தட்ட ஓசுவின் பார்வை. ஜப்பானிய வீட்டின் சின்னச் சின்ன அறைகளில்தான் அவர் அதை வைத்துக் குடும்பங்களைக் காட்டினார். அறை முழுவதும் தெரியாது. அறையில் இருக்கும் மனிதர் தெரிவார், அவரோடு கதவின் ஒரு விளிம்பும் தேநீர்க் கெண்டியும். அந்தத் தூரம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மட்டும் 35 மி.மீ எஃப்/1.8 பக்கம் போகலாம். அது இன்னும் ஓரடி உள்ளே வரச் சொல்லும்.

வைட் ஆங்கிள் லென்ஸை, உதாரணமாக ஒரு 10-18ஐ, எல்லாவற்றையும் சட்டத்துக்குள் அடக்குவதற்கென்று வாங்குகிறார்கள். அடங்கத்தான் செய்யும். கோபுரம் சிறுத்துப் போகும், காலடியில் வெறும் தரை விரியும். அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாயும். அந்த லென்ஸ் நெருங்கிப் போகிறவருக்கானது. ஒரு தூணின் யாளியை முழங்கை தூரத்தில் வைத்து, அதன் பின்னால் மண்டபத்தின் மற்ற தூண்கள் ஓடி ஒடுங்கும்படி எடுத்துப் பாருங்கள்.

டெலிஃபோட்டோவின் கதை நேர்மாறு. அதை எட்டிப் பிடிக்கும் கருவி என்கிறோம், ஆனால் கிட்டப் போகத் தெரிந்தவர் கையில்தான் அது பேசும். காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே இணைத்து ஒரு கருவி செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். மிருகத்தின் போக்கை அறிந்து நெருங்கியதுதான் அவர் படங்களின் பலம். வேடந்தாங்கலில் 250 மி.மீ போதவில்லை என்று 600க்கு ஏங்குவதற்குமுன், பறவை எந்தக் கிளைக்குத் திரும்பி வருகிறது என்று ஒரு காலை முழுக்கப் பார்ப்பது செலவில்லாத வழி.

மிக நெருங்கி எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸில் 1:1 என்றால், 22 மி.மீ நீளப் பூச்சி 22 மி.மீ சென்சாரை நிறைத்துவிடும். அந்த ஆசை உண்மையானதா என்று தெரியும்வரை லென்ஸே வாங்க வேண்டாம். கண்ணாடியே இல்லாத நீட்டிப்புக் குழாய் ஒன்றை 50க்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டினால் போதும். 25 மி.மீ குழாய் பாதி அளவு வரை கொண்டுவந்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நிக்கானின் 3000, 5000 வரிசைக் கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏ.எஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், ஏ.எஃப்-எஸ் என்று பார்த்து வாங்குங்கள். கேனானில் 1987 முதல் வந்த இ.எஃப் லென்ஸ்கள் எல்லா டி.எஸ்.எல்.ஆரிலும் பொருந்தும். மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் பழைய லென்ஸ்களை விற்கும் காலம் இது. வாங்குமுன் கைபேசி டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். உள்ளே நூலாம்படைபோல் ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரத்தில் எளிதில் பிடிக்கும், ஒரு லென்ஸிலிருந்து அடுத்ததற்கும் தாவக்கூடும். இறுகும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் லென்ஸோடு சேர்ந்த செலவு.

கடைக்குப் போகுமுன் இதுவரை எடுத்த படங்களில் உங்களுக்கே பிடித்தவற்றைத் தனியே பிரியுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை மி.மீட்டரில் எடுத்தது என்று கணினி காட்டும். மங்கலான அறையில் 55ஐ ஒட்டியே நின்றவர் 50 வாங்கலாம். மரக்கிளையைப் பார்த்து 55இல் முட்டிக்கொண்டு நின்றவருக்கு டெலிஃபோட்டோ. 18இல் இருந்தும் இன்னும் ஓரடி முன்னே போக நினைத்தவருக்கு வைட். எண்கள் எங்கேயும் திரளாமல் சிதறிக் கிடந்தால், பணம் பத்திரமாக இருக்கட்டும். 18-55 இன்னும் பாடத்தை முடிக்கவில்லை.