வடலூரின் அடுப்பும் விளக்கும்

மதம் வேறு, ஆன்மிகம் வேறு என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. சடங்கு, சாதி, பூசாரி எல்லாம் மதத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன. அன்பும் அமைதியும் ஆன்மிகத்தின் கணக்கில் சேர்கின்றன. இந்தப் பங்கீடு சரிதானா என்பதை வெறும் வாதத்தால் தீர்த்துவிட முடியாது. மதங்களைக் கடந்த ஓர் ஆன்மிகத்துக்கு ஒருவர் உண்மையிலேயே இடம் அமைத்து, விதி வகுத்து, அது ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது என்றால் அங்கே போய்ப் பார்ப்பதுதான் முறை. கடலூர் மாவட்டத்து வடலூர் அப்படிப்பட்ட இடம்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த, வள்ளலார் என்று அழைக்கப்படும் இராமலிங்க அடிகள், சென்னைக் கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவனையும் பாடி வளர்ந்தவர். 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். வடலூரை ஒட்டிய பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே 23 அன்று சத்திய தருமசாலையைத் திறந்தார். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. முதலில் சோறு, ஏறத்தாழ ஐந்து ஆண்டு கழித்து வழிபாடு. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததில்லை. சீவகாருணியமே கடவுள் வழிபாடு என்றும், பசியைத் தீர்ப்பதே அதன் முதல் செயல் என்றும் அவர் உரைநடையில் விரிவாக எழுதியிருக்கிறார். பசித்தவர் எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், என்ன நடத்தை உடையவர் என்று விசாரிக்காமல் உணவு கொடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. பஞ்சமும் பட்டினியும் பழகிப்போன அந்தக் காலத்தில் அது ஏட்டளவில் நிற்கும் தத்துவமாக இருக்க முடியாது.

தருமசாலைக்குள் போனால் அந்த நீண்ட அடுப்பைப் பார்க்கலாம். திறப்பு நாளில் மூட்டிய நெருப்பு அணையாமல் காக்கப்படுவதாகச் சாலையின் மரபு சொல்கிறது. விறகு வந்து இறங்குகிறது. எங்கிருந்தெல்லாமோ அரிசியும் காய்கறியும் வருகின்றன. நேரத்துக்குப் பந்தி விரிகிறது. உட்கார்ந்திருப்பவரில் யார் பக்தர், யார் வழிப்போக்கர், யார் வேறு கதியற்று வந்தவர் என்று பரிமாறுபவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வருணத்தின்படி பந்தி பிரித்துச் சோறு போட்ட சத்திரங்கள் இருந்த நாட்டில், கேள்வி கேட்காத இந்தப் பந்தி பெரிய சாதனை. மதத்தின் வேலியைத் தாண்டிய ஆன்மிகம் என்று எதையாவது கைநீட்டிக் காட்ட வேண்டுமானால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அதே வளாகத்தில் உள்ள ஞானசபையின் கதை வேறு. எண்கோண வடிவக் கட்டடம். உள்ளே சிலை கிடையாது. கண்ணாடிக்குப் பின்னே சோதி. அதற்கு முன்னால் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெள்ளை, கலப்பு என ஏழு நிறத் திரைகள். ஒவ்வொன்றும் ஆன்ம அறிவை மறைக்கும் ஒரு சக்தியைக் குறிக்கிறது. தைப்பூசத்தன்று ஏழும் விலகுகின்றன. கூட்டம் அருட்பெருஞ்ஜோதி மகாமந்திரத்தை முழங்க, சில நொடிகள் சோதி தெரிகிறது. பின்பு திரை மூடுகிறது.

பூசாரி ஆதிக்கம் இங்கே முளைக்கக் கூடாது என்பதில் அடிகள் கவனமாக இருந்தார். 1872இல் அவர் வகுத்த விதிகளின்படி விளக்கேற்றும் தொண்டைச் செய்ய வேண்டியவர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும். இந்த விதியின் கூர்மையை யோசித்துப் பாருங்கள். சிறுவன் வளர்ந்துவிடுவான், முதியவர் நெடுங்காலம் நீடிக்க மாட்டார். விளக்கேற்றுவதைத் தொழிலாக்கிப் பிள்ளைக்கு எழுதிவைக்க இருவராலும் ஆகாது.

இத்தனை முன்யோசனை இருந்தும் விதி தோற்றது. சபையின் பூசை ஒரு குடும்பத்தின் கைக்குப் போனது. லிங்க வழிபாடும் பிரதோஷமும் உள்ளே வந்தன. சன்மார்க்க அன்பர்கள் முறையிட்டதன் பேரில், இவை வள்ளலார் வகுத்த முறைக்கு முரணானவை என்று அறநிலையத் துறை 2006இல் உத்தரவிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மதங்களைக் கடந்தேன் என்று சொன்னவரின் சபை, இந்து சமய அறநிலையத் துறையின் ஆணையாலும் நீதிமன்றத் தீர்ப்பாலும்தான் மதச் சடங்கிலிருந்து மீட்கப்பட்டது. ஆன்மிகம் நிறுவனம் இல்லாமல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும்.

ஒரே மனிதர், ஒரே வளாகம், ஒரே கொள்கை. அப்படியிருக்க, சாலையின் அடுப்பு நிறம் மாறாமல் நின்றது. சபையின் விளக்கு மட்டும் கைமாறியது. ஏன்?

சாலையில் நடப்பதை யாரும் சரிபார்க்கலாம் என்பதே என் பதில். பந்தியில் சோறு விழுந்ததா இல்லையா என்பதைச் சொல்லப் பண்டிதர் வேண்டாம். பசியோடு வந்தவரே சாட்சி. சபையில் நடப்பது குறியீடு. ஏழு திரைக்கு என்ன பொருள், சோதி எதைக் குறிக்கிறது என்று ஒருவர் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்குகிறவர் தேவைப்படும் இடத்தில் அவருக்கு அதிகாரம் வருகிறது. அதிகாரம் வந்த இடத்தில் உரிமை வருகிறது. உரிமை வந்தால் வாரிசும் வந்துவிடுகிறான். உள்ளே விலக வேண்டிய திரைகளை நினைவூட்டத்தான் வெளியே திரை தொங்குகிறது. ஆனால், வருடத்துக்கு ஒருமுறை வந்து சில நொடி பார்த்துவிட்டால் புண்ணியம் என்று கூட்டம் கலைகிறது. பழியைப் பூசாரிகள் மேல் மட்டும் போட முடியாது. குறியீட்டை மையத்தில் வைத்த ஏற்பாட்டிலேயே அந்தப் பலவீனம் இருக்கிறது.

அப்படியானால் குறியீடும் சடங்கும் வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிகளாருக்கே அவை தேவைப்பட்டன. சபை திறக்க அவர் தேர்ந்த நாள், முருகனுக்குரிய தைப்பூசம். சபை, சிதம்பரமாகிய தில்லையின் சபையை நினைவில் கொண்டே எழுந்தது. பாடல்களின் சந்தமும் சொல்லும் தேவார, திருவாசக மரபில் ஊறியவை. பிற்காலத்தில் வேதம், ஆகமம், சமயம் எதிலும் பற்று வைக்காதீர்கள் என்று அவர் உபதேசித்தார். ஆனாலும் அந்த உபதேசத்தை மக்கள் காதுகொடுத்துக் கேட்டதற்குக் காரணம், சமயம் அவருக்குக் கொடுத்திருந்த தமிழ். மதம் தந்த மொழியும் நாட்காட்டியும் இல்லாமல் எந்த ஆன்மிகமும் ஊருக்குள் நுழைந்ததில்லை.

யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் எதிர்ப்பையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வள்ளலாரின் பாடல்களைத் திருமுறைக்கு இணையாக வைக்கக் கூடாது என்று அவர் தரப்பு வாதிட்டது. சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலர் தரப்பின் கடுமையை நான் ஏற்கவில்லை. அவர் கேள்விக்குள் ஒரு நியாயம் இருந்ததை மறுக்கவும் இல்லை. ஒருவர் தமக்குக் கிடைத்ததாகச் சொல்லும் அனுபவத்தை எதைக் கொண்டு சோதிப்பது? சம்பிரதாயம் அதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. தனி அனுபவம் தன்னைத் தவிர வேறு சாட்சி காட்டுவதில்லை. மதத்தை உதறிவிட்டு, தாங்களே அளவுகோலாக மாறிவிட்ட குருமார்கள் பெருகிய இந்தக் காலத்தில் அந்தக் கேள்வியின் எடை கூடியிருக்கிறது.

சன்மார்க்கத்துக்குள்ளும் ஒரு வேலி உண்டு. புலால் தவிர்த்தவர் அகவினத்தார், தவிர்க்காதவர் புறவினத்தார். புறவினத்தாருக்குப் பசி தீர்க்கலாம். அதற்கு மேல் நெறியின் உறவு கிடையாது. உயிர்க்கொலை மறுப்பின் மீது அடிகளார் வைத்திருந்த உறுதி நேர்மையானது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், மீனவர், தலித் மக்கள், உழைப்பாளிகள் எனப் பெருங்கூட்டம் இந்தப் பிரிவில் வெளியே நின்றுவிடுகிறது. சாதியை வெளியேற்றிய வாசல் வழியாகவே உணவு வழக்கம் ஓர் இனப்பிரிவாக உள்ளே வந்துவிட்டது. உணவும் சாதியும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கும் நாட்டில் இது சிறிய குறை ஆகாது.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாக அறைக்குள் போன அடிகளார் என்ன ஆனார் என்ற விவாதம் இன்னொரு பலவீனம். உடல் ஒளியானதா என்று பேசுவதில் அன்பர்களும் எதிர்ப்பாளர்களும் செலவழித்த நேரத்தில் ஒரு பங்கையாவது அவருடைய சீவகாருணிய உரைநடையைப் படிப்பதற்குக் கொடுத்திருந்தால் தமிழ்ச் சமூகம் இன்னும் கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கும்.

அன்னதானத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறந்தநாளுக்கும் திதிக்கும் பணம் கட்டிவிட்டு, உண்பவர் முகத்தைப் பார்க்காமலே புண்ணியக் கணக்கை முடித்துக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். பசி ஏன் வந்தது என்று பந்தி கேட்பதில்லை. நிலம், கூலி, சாதி என்ற விடைகளைத் தேட வேறு அமைப்புகள் வேண்டும். இத்தனைக்குப் பிறகும், இன்று உண்டவர் இன்று உண்டார் என்ற உண்மையை யாராலும் திரிக்க முடியாது.

அடிகளாரின் பிறந்தநாளைத் தமிழ்நாடு அரசு 2021இல் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. ஞானசபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் பன்னாட்டு மையம் கட்ட 2024இல் வேலை தொடங்கியபோது, தங்கள் முன்னோர் கொடுத்த நிலம் அது என்று பார்வதிபுரத்தார் எதிர்த்து நின்றார்கள். வெட்டவெளியை அப்படியே விடச் சொல்லும் அந்தக் குரலில், கட்டடம் எழுப்புகிறவர்களைவிட வள்ளலாரை நன்றாக அறிந்தவர்களின் தெளிவு இருக்கிறது.

மதமும் ஆன்மிகமும் ஒன்றையொன்று விட்டு வாழ முடியாதவை என்பதே வடலூரிலிருந்து நான் எடுக்கும் முடிவு. மதம் இல்லாத ஆன்மிகம் ஒருவரோடு முடிந்துபோகும். ஆன்மிகம் வற்றிய மதம் வாரிசுச் சொத்தாகும். இரண்டையும் நேர்மையாக வைத்திருப்பது, வெளியாள் ஒருவர் வந்து சரிபார்க்கக்கூடிய கடமை. உங்கள் கோயிலோ மடமோ தியான மையமோ எதுவானாலும் ஒன்றைக் கேளுங்கள்: இதில் சேராதவருக்கு, சேர விரும்பாதவருக்கு, இங்கே என்ன கிடைக்கிறது? பதில் இல்லையென்றால் அங்கே தட்சிணை வைப்பதற்கு முன் யோசியுங்கள்.