கேட்பாரற்ற மருந்து

"நோய் தீருமா?" என்று கேட்கிறான் நோயாளி. "காப்புரிமை கிடைக்குமா?" என்று கேட்கிறது பணம். எந்தக் கேள்விக்கு முதலிடம்?

2007 ஜனவரி. கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக் கழகத்தில் எவாஞ்செலோஸ் மிகெலாகிஸ் குழுவினர் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். டைகுளோரோஅசிட்டேட்! பெயர்தான் நாவில் நுழையாது. பொருளோ எளிய உப்பு. இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகும் பிறவிக் கோளாறுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. மனிதப் புற்றணுக்களை ஏற்றிய எலிகளுக்கு அதைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது கட்டி வளரவில்லை, சுருங்கிற்று.

எலியிடம் பலித்ததெல்லாம் மனிதனிடம் பலிப்பதில்லை. ஆகவேதான் மனிதச் சோதனை. அதற்கோ கோடிகள் வேண்டும். இந்த உப்பை எவரும் செய்யலாம், எவரும் விற்கலாம். புதிய பயனுக்கு மட்டும் உரிமை வாங்கினாலும், மருத்துவர் மலிவுச் சரக்கை எழுதிக் கொடுத்தால் போட்ட முதல் திரும்புமா?

"ஐயா, மருந்தை ஒளித்துவிட்டார்களா?" என்று கேட்டான் என் வகுப்பு மாணவன். இல்லை, தம்பி. அச்சிட்டு உலகுக்கே கொடுத்தார்கள். ஒளித்திருந்தால் கண்டுபிடித்து விடலாம். இங்கே நடந்தது ஒளிப்பு அல்ல, புறக்கணிப்பு. வணிகன் இலாபம் பார்ப்பது வியப்பன்று. அவன் கணக்கேட்டையே அறிவியலின் வாயிற்காவலனாக்கினோமே, அதுதான் கேடு!

பொதுமக்கள் நன்கொடை திரட்டித் தந்தனர். 2010இல் முடிவு வந்தது. சோதிக்கப்பட்ட மூளைப் புற்று நோயாளிகள் எத்தனை பேர்? ஐவர்! நம்பிக்கையூட்டும் அறிகுறிகள் தெரிந்தன என்பது உண்மை. ஆயினும் ஐவரை வைத்து ஆம் என்றும் கூற இயலாது, இல்லை என்றும் கூற இயலாது. இதற்கிடையே, சாவின் விளிம்பில் நின்றோர் அந்தத் தூளைத் தாமே வாங்கி விழுங்கினர். கை கால் நரம்புகளைத் தாக்கக் கூடியது அது. அவர்களை மூடர் என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அறிவு பதில் சொல்லாத இடத்தில் நம்பிக்கை கடை விரிக்கிறது.

வழியே இல்லையா? 2020இல் பிரிட்டனைப் பாருங்கள். கொரோனாக் கொடுமையின் நடுவே, அரசுப் பணத்தில், பல்லாயிரம் நோயாளிகளிடம் பழைய மருந்துகளைச் சோதித்தனர். அறுபது ஆண்டுப் பழக்கமுள்ள டெக்சாமெத்தசோன், சுவாசக் கருவியில் கிடந்தோரின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆட்சித் தலைவர்கள் சிலரே புகழ்ந்து பரப்பிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயனற்றது என்பதையும் அதே சோதனை, அதே ஜூன் மாதத்தில் சொல்லிவிட்டது.