சூலைப் பதிகமும் வலியுரைக்கும் சொற்களும்

திருநாவுக்கரசர் திருவதிகை வீரட்டானத்திற் பாடிய முதற் பதிகம் நான்காந் திருமுறையின் தலைப்பில் நிற்பது. அதனை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரு வழியிற் செல்வர். சூலையை ஆட்கொள்ளலுக்கு ஒரு வாயிலெனக் கொண்டு, அதனை விரைந்து கடந்து, அருளின் பெருமையை விரிப்போர் ஒரு சாரார். ஏழாம் நூற்றாண்டுச் சமயப் பூசலுக்குச் சான்றாகக் கொள்வோர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் வயிற்றுவலியை வயிற்றுவலியாகப் படித்திலர். நோயால் துடிக்கும் ஒருவர் கூற்றாகவே அதனை முதற்கண் படித்தல் வேண்டும் என்பதும், அங்ஙனம் படித்தல் புற்றுநோய் முற்றியோர்க்கு இன்று செய்யப்பெறும் வலிதணிப்பு மருத்துவத்திற்கும் துணையாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பதிகத்தில் நோயின் தொழிலாக வரும் வினைகளைத் தொகுத்து நோக்குக. நோய் வெளியே தோன்றாமல் வயிற்றினுள்ளே குடலைப் பிணித்து முடக்குகின்றது, சுடுகின்றது, நஞ்சுபோல் வந்து நலிகின்றது. ஒரு பாட்டில் பறித்தல், புரட்டல், அறுத்தல், இழுத்தல் என நான்கு தொழில்கள் அடுக்கி வருகின்றன. வேறொன்றில் அது கலக்கி உட்புகுந்து தின்கின்றது. இவற்றை வெறும் அணி என்று ஒதுக்குதல் எளிது. ஆயின் ஒரே வலியைப் பத்துப் பாட்டிற் பாடுவார்க்கு ஒரே சொல் போதவில்லை என்பதையன்றோ நாம் கருத வேண்டும்? முறுக்கும் வலி வேறு, சுடும் வலி வேறு, அறுக்கும் வலி வேறு. துன்புறுவோர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். கேட்போரே அனைத்தையும் 'வலி' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர்.

அவ்வேறுபாட்டின்மேல் இக்கால மருத்துவம் ஒரு பெருங் கட்டடத்தையே எழுப்பியுள்ளது. கட்டி குடலை அடைப்பதால் விட்டுவிட்டு முறுக்கும் வலிக்குக் குடற்றசையின் இசிவைத் தளர்த்தும் மருந்து வேண்டும். நரம்பைக் கட்டி நெருக்குவதால் எரிவதும் மின்னலெனச் சுரீரென்று பாய்வதுமாகிய வலிக்கு மார்ஃபின் தனித்து நின்று முற்றும் பயன்படாமலும் போகும்; அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை உடன் சேர வேண்டும். எலும்பிற் பரவிய நோயின் குடைச்சலுக்கு ஒரே முறை கொடுக்கும் கதிர்வீச்சும் பெரிதும் உதவும். இம்மூன்றையும் மருத்துவர் வேறுபடுத்தற்கு முதற்கருவி நோயாளியின் வாய்ச்சொல்லே. படமெடுக்கும் பொறி கட்டியைக் காட்டும். அது சுடுகின்றதா முறுக்குகின்றதா என்பதைக் காட்டாது.

தென்காசி வட்டாரத்தில் இதற்கு வழங்கும் சொற்கள் பல. கடுக்கிறது, குடைகிறது, உளைகிறது, காந்துகிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மதமதவென்று இருக்கிறது. இவற்றுள் ஒன்றும் மற்றொன்றன்று. 'உளைச்சல்' என்னுஞ் சொல் இன்று ஏடுகளில் 'மன உளைச்சல்' என்னும் தொடரிலன்றி அரிதாகவே காணப்படுகிறது. இங்கோ நாள் முழுதும் வயலில் நின்ற காலுக்கு உரியது அது. மேற்கே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் நிலை மேலும் சிக்கலாம். மலையாளத்தில் 'வேதன' என்பது உடல்வலி. தமிழில் வேதனை பெரிதும் உள்ளத்தைச் சார்ந்துவிட்டது. இவ்வூர்களிலிருந்து திருவனந்தபுரத்திற்கு மருத்துவம் நாடிச் செல்வோர் உளராதலின் இது சொல்லாராய்ச்சியளவில் நிற்கும் செய்தியன்று.

இதனை யான் நூலிற் கற்றிலேன். என் அத்தை, குற்றாலத்திற்கு அணித்தாகிய மேலகரத்தில் வாழ்ந்தவர், மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் தோளும் கையும் 'காந்துது' என்று இரவெல்லாம் அரற்றினார். அழைத்துச் சென்ற மருத்துவமனையில், உடன் சென்ற உறவினன் அதனை 'எரிச்சல்' என்று பெயர்த்துச் சொன்னான். இடம் கேட்டபோது நெஞ்சைக் காட்டினான். குறிப்பில் நெஞ்செரிச்சல் என்று ஏறியது. அமிலத்தை அடக்கும் மாத்திரையோடு மூன்று வாரம் கழிந்தது. பின்னர் வீட்டிற்கு வந்த செவிலியர் ஒருவர், "காந்துதுன்னா எப்படிம்மா, மிளகாய் அரைச்ச கை மாதிரியா?" என்று கேட்டார். அத்தை அழுதுவிட்டார். நரம்புவலிக்குரிய மருந்து மார்ஃபினுடன் சேர்ந்த பின்னர் உறங்கினார். அம்மூன்று வாரமும் ஒரு சொல்லின் பிழையாற் போயின. பிழை செய்தவனும் யானே, அவ்வுறவினன் பிறனல்லன்.

மீண்டும் பதிகத்திற்கு வருவோம். இரண்டாம் பாட்டில் ஒரு முறையீடு உண்டு. நோய் அணுகாதபடி நீர் துரத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை, அஞ்சாதே என்று ஒரு சொல் சொல்லவும் இல்லை என்பது அதன் கருத்து. உரைகள் இதனை ஒரே வேண்டுகோளாகக் கொண்டு மேற்செல்லும். ஆயின் இவை மூன்று வேண்டுகோள்கள். மேலும், ஒன்றினொன்று தாழ்ந்து வருவன. நோயை ஓட்டுக, அஃது இயலாதாயின் அதன் கொடுமையேனும் புலப்படாமற் செய்க, அதுவும் இயலாதாயின் அச்சத்தையேனும் நீக்குக. துன்பத்தின் எல்லையில் நிற்பவர் கேட்கக்கூடியவற்றின் வரிசை இதனினும் தெளிவாக வேறெங்கும் கூறப்பட்டதாக யான் அறியேன்.

1967-இல் இலண்டன் மாநகரில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தோற்றுவித்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 'முழுவலி' என்றொரு கருத்தை வழங்கினார். உடல்வலியோடு அச்சமும், குடும்பக் கவலையும், 'எனக்கு ஏன் இது' என்னும் வினாவும் பிரிக்கவொண்ணாதபடி பின்னிக் கிடக்கும் என்பது அது. நாவுக்கரசர் தாம் செய்த கொடுமை இன்னதென அறியாமையைச் சொல்லிப் பதிகத்தைத் தொடங்குதலும், குடலைப் பற்றிய சொல்லும் குற்றத்தைப் பற்றிய சொல்லும் ஒரே பாட்டில் அருகருகே நிற்றலும் இவ்வகையில் நோக்கற்பாலன. இனி, சேக்கிழார் காட்டும் வரலாற்றில், சமணர் தம் மந்திரங்களாற் பயன் காணாது, இது தம்மாற் போக்கற்கரியது எனக் கூறி அகல்கின்றனர். சமயச் சார்பை நீக்கி நோக்கினால், 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்' என்று இன்று மருத்துவமனைகளிற் கேட்கும் சொல்லும் அதுவே. அச்சொல்லுக்குப் பின்னர்த் திலகவதியார் இருக்கிறார். வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக உழைச்செல்வானை எண்ணியதன் பொருளும் ஆண்டே விளங்கும். மார்ஃபினை வாய்வழியாக, வலி வரும்வரை காத்திராமல், 4 மணிக்கொருமுறை தவறாது கொடுப்பதும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு முதல் நாள் தொட்டே மருந்து சேர்ப்பதும், புண் நாறாதிருக்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவதும் வீட்டிலுள்ளார் தொழில்களே.

உலக நலவாழ்வு நிறுவனம் 1986-இல் வலிதணிப்பு மருந்துகளை மூன்று படியாக வகுத்து வெளியிட்டது. இந்தியாவிலோ 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தின் இறுக்கத்தால் மருத்துவத்திற்குரிய மார்ஃபினும் பெரிதும் அருகிற்று. கசகசாச் செடியை வளர்க்கும் நாட்டிலேயே நோயாளிக்கு அது கிட்டாதொழிந்தது. 2014-இற் சட்டம் திருத்தப்பெற்றது. கோழிக்கோட்டில் 1993-இல் எழுந்த வலிதணிப்புக் கழகத்தின் வழிப் பரவிய முயற்சியால் கேரள அரசு 2008-இல் இதற்கெனக் கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இப்பணியை வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தது. சட்டம் தளர்ந்த பின்னும், 'அது பழக்கமாகிவிடும்' என்னும் அச்சம் குடும்பங்களில் தளரவில்லை. முறையாக வலிக்கென அளந்து கொடுக்குமிடத்து அவ்வச்சத்திற்கு இடம் மிகச் சிறிது.

கலைச்சொல் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். இம்மருத்துவத்தை 'வலி நிவாரணம்' என்றும் 'ஆதரவு சிகிச்சை' என்றும் வழங்குகின்றனர். முன்னது மாத்திரை உறையிற் காணும் சொல். மூச்சுத்திணறலும் குமட்டலும் அதில் அடங்கா. பின்னது மருத்துவத்தை வெறும் இரக்கமாக்கிவிடுகின்றது. வள்ளுவர் நோய்முதலை நாடச் சொன்ன குறளில் ஆளும் வினை 'தணித்தல்' என்பது. பரிமேலழகர் அதனைத் தீர்த்தலாகவே கொள்வர். மருத்துவனைத் தீர்ப்பான் என்றே பிறிதொரு குறள் கூறுதலின் அவர் கொள்கை தவறன்று. வள்ளுவர் இன்றைய மருத்துவத்தை அன்றே கண்டார் என்று சொல்ல யான் வந்திலேன். அவ்வாறு சொல்வோர் நம்மிடை வேண்டுமளவு உளர். தணிதல் என்பது நெருப்புக்கும் சினத்திற்கும் காய்ச்சலுக்கும் உரியதாய், முற்றும் அவிதலையும் குறைதலையும் ஒருங்கே குறிக்க வல்ல சொல்லாதலின், 'தணிப்பு மருத்துவம்' என்பதே பொருந்தும் என்பேன்.

மாணவர் சிலர் இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி ஆகிய ஊர்களில் வலிச்சொற்களைத் தொகுத்து வருகின்றனர். நோயாளிகளிடம் 0 முதல் 10 வரை எண் கேட்கும் வழக்கம் நன்றே. எனினும் எண் அளவைக் கூறும், வகையைக் கூறாது. 'திமிர்' என்னும் ஒரு சொல்லில் மட்டும் தொகுப்போர் கருத்து வேறுபடுகின்றனர். மரத்துப்போதலையே அது குறிக்கும் என்பர் செங்கோட்டையிற் கேட்டவர். ஊசி குத்துவதுபோன்ற நோவோடு கூடிய மரப்பு என்பர் இலஞ்சியிற் கேட்டவர். நரம்புவலியைத் தெளிதற்கு இவ்வேறுபாடு வேண்டுவதாகலின், அச்சொல்லை மீண்டும் கேட்டு வருமாறு பணித்துள்ளேன்.